மஞ்சள் மேகம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?

*குடிநீரைக் காக்கும் குளோரின், சிலிண்டரை விட்டு வெளியே வந்தால் என்ன செய்யும்? முதல் பத்து நிமிடத்தில் நாம் என்ன செய்ய வேண்டும்?*

2022 ஜூன் 27, ஜோர்டானின் அகபா துறைமுகம். பிற்பகல் வெயிலில் ‘ஃபாரஸ்ட் 6’ என்ற கப்பலில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 25 டன்னுக்கும் குறையாத திரவக் குளோரின் அடைத்த தொட்டி ஒன்றை கிரேன் தூக்குகிறது. தொட்டி கப்பலுக்கு மேலே வந்து நிற்கும்போது கம்பிவடம் அறுந்துவிடுகிறது. தளத்தில் மோதிய தொட்டி கிழிந்து, பளீரென்ற மஞ்சள் நிறத்தில் வாயு பீய்ச்சியடிக்கிறது. துறைமுகக் கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. சில நொடிகளில் கப்பல் மறைகிறது, கரையில் நின்ற லாரிகள் மறைகின்றன, ஆட்கள் சிதறி ஓடுகிறார்கள்.

13 பேர் இறந்தார்கள். 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் கம்பிவடம் தாங்கக்கூடிய எடையைப்போல மூன்று மடங்குக்கு மேல் அதில் தொங்கவிட்டிருந்தார்கள் என்று விசாரணை சொன்னது.

அந்தக் காணொளியை நம் ஊரிலும் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். அதே வாயுதான் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைக் கிருமியில்லாமல் வைத்திருக்கிறது. நகராட்சி நீரேற்று நிலையங்களில், குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில், சாயப்பட்டறைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் ரசாயனம் தயாரிக்கும் கூடங்களில் அது தினமும் புழங்குகிறது. 2021 ஜூலையில் ஈரோடு அருகே சித்தோட்டில் ஒரு ரசாயனக் கூடத்தில் குளோரின் கசிந்தது. அதன் உரிமையாளர் இறந்தார், பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வொரு கசிவின்போதும் இரண்டு நாள் பேசுகிறோம். அந்த இரண்டு நாளிலும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

உயிர் காப்பதும் அதுவே

குளோரினை 1774-ல் முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் ஷீலே. அது ஒரு தனிமம் என்று 1810-ல் உறுதிசெய்து பெயர் வைத்தவர் ஹம்ப்ரி டேவி. 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் ஊர்க் குடிநீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். ஏழே ஆண்டுகள் கழித்து, 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ரெ போர்முனையில் ஜெர்மானியப் படை 5,700-க்கு மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்துவிட்டது. காற்று எதிரியின் பக்கம் வீசும்வரை காத்திருந்து திறந்தார்கள். வாயு பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. காற்று இழுக்கும் திசையில் போகும், பள்ளம் பார்த்து இறங்கும் என்ற இரண்டு குணங்களையும் அவர்கள் கொல்வதற்குப் பயன்படுத்தினார்கள். உயிர் பிழைக்க நாம் தெரிந்துகொள்ள வேண்டியவையும் அந்த இரண்டுதான்.

குடிநீரில் குளோரின் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர் காலராவையும் டைஃபாய்டையும் பார்க்காதவர் என்றுதான் அர்த்தம். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர அளவு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலந்தால், ‘டன்னர்’ என்று ஆபரேட்டர்கள் சொல்லும் 900 கிலோ கொள்கலன் ஒன்று 45 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும். அதே 900 கிலோவும் ஒரே நேரத்தில் வெளியேறினால் ஒரு தெரு தாங்காது.

> எண்களில் குளோரின்
>
> காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். திரவக் குளோரின் மைனஸ் 34 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 450 லிட்டருக்கு மேல் வாயு.
>
> பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு என்பது 1 பிபிஎம். பெரும்பாலானவர்களின் மூக்கு 1 பிபிஎம்-ஐ எட்டும் முன்பே வாசனையைப் பிடித்துவிடும். வேலையிடத்தில் தாண்டக் கூடாத அளவாக அமெரிக்கச் சட்டம் வைத்திருப்பது 1 பிபிஎம். 10 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. 30 பிபிஎம்-ல் நெஞ்சுவலி, விடாத இருமல், வாந்தி. 40 முதல் 60-ல் நுரையீரல் வெந்து நீர் கோக்கும். 430 பிபிஎம்-ல் அரை மணி நேரம் இருந்தால் மரணம். 1,000-ல் சில நிமிடம் போதும்.
>
> இந்தியாவில் குளோரின் சிலிண்டரின் நிறம் பொன்மஞ்சள். லாரியின் எச்சரிக்கைப் பலகையில் இருக்கும் சர்வதேச எண் 1017.

எரியாது, ஆனால் எரிய வைக்கும்

குளோரின் தானாகத் தீப்பிடிக்காது. ஆக்சிஜனைப்போல மற்றவற்றை எரிய வைக்கும் வாயு அது. சூடேறிய இரும்பு குளோரினில் எரியும். ஹைட்ரஜனோடும் அசெட்டிலினோடும் சேர்ந்தால் வெடிக்கும். எண்ணெயோ கிரீஸோ பட்டால் வினை தொடங்கிவிடும். வால்வு இறுகிக்கொண்டது என்று இரண்டு சொட்டு எண்ணெய் விடும் நம் ஊர்ப் பழக்கத்துக்குக் குளோரின் அறையில் இடமே கிடையாது. வெல்டிங், பீடி, சிகரெட், டீசல் கேன், அம்மோனியா சிலிண்டர் எதுவும் அந்த அறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஈரம் இன்னொரு எதிரி. காய்ந்த குளோரினைச் சாதாரண எஃகுச் சிலிண்டர் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தண்ணீர் சேர்ந்துவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகி, அதே எஃகை அரித்துவிடும். கசியும் சிலிண்டர் மீது தண்ணீர் அடிப்பது பெரும் தவறு என்று சொல்வது இதனால்தான். தண்ணீர் பட்டால் ஓட்டை பெரிதாகும். தண்ணீரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் திரவம் இன்னும் வேகமாக ஆவியாகும். பதற்றத்தில் சிலிண்டரை உருட்டிக் கிணற்றிலோ தொட்டியிலோ தள்ளுபவர்கள் உண்டு. அதுவும் இதே தவறின் பெரிய வடிவம். தள்ளி நின்று, பரவும் மேகத்தின் மீது நீர்த்திரை போட்டு அதைத் தணிப்பது தீயணைப்புத் துறையின் வேலை. கசியும் இடத்தின் மேல் அவர்களும் தண்ணீர் அடிப்பதில்லை.

குளோரின் அறைக்குள்

நல்ல குளோரின் அறையை வெளியில் நின்றே அடையாளம் காணலாம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். காற்றை வெளியேற்றும் விசிறி தரையை ஒட்டி இருக்கும், ஏனென்றால் வாயு தரையில்தான் கிடக்கும். விசிறியின் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் துணிப்பை கூரைமேல் பறக்கும். மூச்சுக்கருவி அறைக்கு வெளியே, பூட்டில்லாத பெட்டியில் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் உயிர் போகிறது. மூச்சுக்கருவியை அறைக்குள் மாட்டிவைத்தால், கசிவு வந்தபின் அதை எடுக்க உள்ளே போக வேண்டும். அலமாரியில் பூட்டிச் சாவியைப் பொறியாளர் வீட்டுக்கு எடுத்துப் போனால், அந்த மூச்சுக்கருவி தணிக்கைக் கணக்குக்கு மட்டுமே உதவும்.

சிலிண்டரைக் கையாள்வதில் அவசரத்துக்கு வேலையே இல்லை. 100 கிலோ சிலிண்டர் நிமிர்ந்து, சங்கிலியால் கட்டப்பட்டு நிற்க வேண்டும். டன்னர் படுத்திருக்க வேண்டும். டன்னரின் இரண்டு வால்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, நேர்கோட்டில் வரும்படி வைத்தால் மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். இணைப்பைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் புது ஈய வாஷர் போட வேண்டும். ஒரு வாஷரின் விலையைப் பார்த்துப் பழையதையே திருப்பிப் போடுவது, சின்னச் சின்னக் கசிவுகளை நாமே வரவழைப்பது. வால்வைத் திறக்க அதற்கான ஸ்பானரே போதும். அதில் குழாயைச் செருகி நீட்டி, பலம் போட்டுத் திருகினால் வால்வின் தண்டு முறியும்.

வாயு மெதுவாக வருகிறது, சிலிண்டரின் மேல் பனி படிகிறது என்றால் அளவுக்கு மீறி இழுக்கிறோம் என்று பொருள். அப்போது கூடுதலாக இன்னொரு சிலிண்டரை இணைப்பதே வழி. வெந்நீர் ஊற்றுவதோ தீ காட்டுவதோ கூடவே கூடாது. அதிக வெப்பத்தில் உருகி அழுத்தத்தை வெளிவிடுவதற்காக டன்னர்களில் உருகு அடைப்பான்கள் உண்டு. சுமார் 70 டிகிரி செல்சியஸில் அவை இளகத் தொடங்கும். தார்ப்பாய் இல்லாமல் சித்திரை வெயிலில் சிலிண்டர்களை அடுக்கிவைப்பது எவ்வளவு பெரிய விஷப்பரீட்சை என்று சொல்ல வேண்டியதில்லை.

கசிவு எங்கே என்று தேடுவதற்கு ஆபரேட்டர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது அம்மோனியாக் கரைசல். அதில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றியோ, பாட்டிலின் ஆவியைப் பீய்ச்சியோ இணைப்புகளின் அருகே காட்டினால், கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். கரைசலை வால்வின் மேல் ஊற்றிவிடக் கூடாது, ஆவி மட்டும் போதும். டன்னரில் திரவம் கசிந்தால், பயிற்சி பெற்றவர் மூச்சுக்கருவி அணிந்து, ஓட்டை மேல்பக்கம் வரும்படி டன்னரை உருட்டிவிட வேண்டும். திரவம் நின்று வாயு மட்டும் வரும், கசிவின் அளவு பல மடங்கு குறையும். பிறகு அவசரக் கருவிப்பெட்டியில் உள்ள மூடியைப் பொருத்தி அடைக்கலாம், அல்லது வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசலுக்குள் செலுத்தி வலுவிழக்கச் செய்யலாம்.

இவ்வளவையும் செய்ய வேண்டியவர் யார்? நடுராத்திரியில் ஒற்றை ஆளாக மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆபரேட்டர். பல ஊர்களில் அவர் ஒப்பந்த ஊழியர். குளோரின் பாதுகாப்பு பற்றிய எந்தப் பேச்சும் அவருடைய பயிற்சியிலிருந்தும் அவருடைய மூச்சுக்கருவியிலிருந்தும்தான் தொடங்க வேண்டும் என்பேன். கசிவு வேலையை இரண்டு பேர் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வடிகட்டி மாட்டிய சாதாரண முகமூடி தப்பி ஓடுவதற்கு மட்டும் உதவும். கசிவை அடைக்கப் போகிறவருக்குக் காற்று சிலிண்டருடன் கூடிய மூச்சுக்கருவி வேண்டும்.

> முதல் பத்து நிமிடம்
>
> ஓடும் திசை: காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். இடையில் மேகம் இருந்தால் அதற்குள் புகாமல், காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள். மேட்டைப் பாருங்கள், பள்ளத்தைத் தவிருங்கள்.
>
> குனியாதீர்கள்: தீ விபத்தில் தவழச் சொல்வார்கள். குளோரினில் நிமிர்ந்து நடக்க வேண்டும். குழந்தைகளை இடுப்புக்கு மேலே தூக்கிக்கொள்ளுங்கள்.
>
> வெளியேற முடியாவிட்டால்: மேல்மாடிக்குப் போய், கதவு ஜன்னலை அடைத்து, ஏ.சி.யையும் விசிறியையும் நிறுத்துங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி. மூக்கில் ஈரத்துணி ஓரளவு தாங்கும், அதை நம்பி மேகத்துக்குள் போகாதீர்கள்.
>
> உடை: வாயு நெடி அடிக்கும் உடையைக் களையுங்கள். தலைவழியாக இழுக்காமல் வெட்டி எடுத்து, பையில் கட்டி வெளியே வையுங்கள்.
>
> கண், தோல்: ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம். கான்டாக்ட் லென்ஸ் எளிதாக வந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள்.
>
> திரவம் பட்ட இடம்: தோல் உறைந்திருக்கும். தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள்.
>
> மூச்சுத் திணறல்: சாய்ந்து உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். 108-ஐ அழைத்து ‘குளோரின்’ என்று பெயர் சொல்லுங்கள்.

‘இப்போ சரியாயிட்டுது’ என்கிறவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

குளோரின் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. அம்மோனியாவைப்போல மேல் பாதையிலேயே முழுக்கக் கரைந்து நின்றுவிடாமல், ஒரு பகுதி நுரையீரலின் அடியாழம் வரை போய்விடுகிறது. மேலே உண்டான எரிச்சலும் இருமலும் நல்ல காற்று பட்டதும் குறையும். ஆனால் அடியில் ஏற்பட்ட புண்ணில் நீர் கோக்க நேரம் எடுக்கும். சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். பாதிக்கப்பட்டவர் இருமல் நின்றதும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, இரவில் படுக்கையில் திணறுவது இப்படித்தான். அதிகம் சுவாசித்தவர்களை 24 மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் வைப்பது வழக்கம். உடல் உழைப்பு நிலைமையை மோசமாக்கும் என்பதால் படியேறக்கூட விடக் கூடாது.

பால் கொடுப்பது, உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, வெங்காயத்தை முகரவைப்பது போன்ற கைவைத்தியம் எதுவும் உதவாது. விஷம் வயிற்றில் இல்லை. திணறுகிறவரின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. குளோரினுக்கு முறிவு மருந்து கிடையாது. ஈரப்படுத்திய ஆக்சிஜன், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசம் ஆகியவைதான் சிகிச்சை. சோடியம் பைகார்பனேட் கரைசலை நெபுலைசரில் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இது மருத்துவமனையில் மட்டும் செய்ய வேண்டியது. சமையல் சோடாவைக் கரைத்து வீட்டில் முயல வேண்டாம்.

காப்பாற்றப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. மயங்கிக் கிடப்பவர் அண்ணனாகவே இருந்தாலும், மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே பாய்ந்தால் இரண்டு பேரைத் தூக்க வேண்டிவரும். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் அதே சங்கிலி இங்கும் நடக்கும்.

வாயு போன பிறகு

2005 ஜனவரி 6 அதிகாலை, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கிரானிட்வில் என்ற நெசவு ஊர். தண்டவாளத்தை மாற்றும் சுவிட்சை முந்தைய நாள் ஊழியர்கள் திருப்பிவைக்க மறந்திருந்தார்கள். வேகமாக வந்த சரக்கு ரயில் பக்கத் தடத்தில் புகுந்து, நின்றிருந்த ரயிலில் மோதியது. குளோரின் வேகன் ஒன்று கிழிந்து ஏறத்தாழ 60 டன் வெளியேறியது. ஊர் பள்ளத்தாக்கில் இருந்ததால் வாயு அங்கேயே தேங்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பக்கத்து நூற்பாலையில் இரவு ஷிப்டில் இருந்த தொழிலாளர்கள். சுமார் 5,400 பேரை வெளியேற்றினார்கள். பலர் வீடு திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல் திறனைத் தொடர்ந்து அளந்தவர்கள், விபத்துக்குப் பிந்தைய மாதங்களில் அது வயதுக்குரிய வேகத்தைவிட விரைவாகக் குறைந்ததைக் கண்டார்கள். ஆலைக்குள் புகுந்த வாயு இயந்திரங்களை அரித்துக்கொண்டே இருந்தது. துடைத்தும் பழுதுபார்த்தும் முடியாமல், 2006-ல் நிறுவனம் தன் ஆலைகளை மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சாகாதவர்களுக்கும் ஊரின் பிழைப்பு போனது. திருப்பூரிலும் ஈரோட்டிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கைவிடப்பட்ட சிலிண்டர்களின் கதை வேறு. 2010 ஜூலையில் மும்பை சிவ்ரி துறைமுகப் பகுதியில், யாரும் உரிமை கோராமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த சிலிண்டர்களில் ஒன்று கசிந்து நூறு பேர் அளவில் பாதிக்கப்பட்டார்கள். காலி என்று நினைத்துப் பழைய இரும்புக் கடைக்கு விற்ற சிலிண்டரை வெட்டும்போது உள்ளே மிச்சமிருக்கும் வாயு வெளிவரும் விபத்துகளும் நடக்கின்றன. கடையில் பொன்மஞ்சள் சிலிண்டரைக் கண்டால் தொடாமல் 112-க்குத் தகவல் சொல்லுங்கள்.

> குளியலறைக்குள் குளோரின்
>
> பெரும்பாலான வீடுகளில் குளோரின் விபத்து சிலிண்டரால் வருவதில்லை. பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில், கறை போகவில்லை என்று டாய்லெட் கிளீனரையோ ஆசிட்டையோ ஊற்றினால், அந்த நொடியே குளோரின் கிளம்பும். சிறிய அறை, மூடிய கதவு, குனிந்து தேய்க்கும் ஆள் என்று மூன்றும் சேர்ந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு உயிராபத்து. பிளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனர் சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு நச்சு வாயு. எரிச்சல் தெரிந்ததும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, கதவைத் திறந்து வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டு, இரண்டு பாட்டில்களையும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள்.

வாயுவே தேவையா?

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் புளூ பிளெய்ன்ஸ் கழிவுநீர் நிலையம் குளோரின் வேகன்களைப் பார்த்துப் பயந்தது. சில வாரங்களில் அவற்றை அகற்றிவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு மாறியது. சிந்தினால் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் திரவம்தான் அதுவும். ஆனால் மேகமாகக் கிளம்பி ஊருக்குள் வராது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தி அந்தந்த நிலையத்திலேயே ஹைப்போகுளோரைட் தயாரிக்கும் கருவிகளும் இருக்கின்றன. அந்த முறையில் சிலிண்டர் லாரியே ஊருக்குள் வர வேண்டியதில்லை.

இதில் சிரமமும் உண்டு. நம் வெயிலில் ஹைப்போகுளோரைட் வீரியம் இழக்கும், அதிகம் வாங்கி இருப்பு வைக்க முடியாது. கருவிக்கு முதலீடும் மின்சாரமும் வேண்டும். மிகப் பெரிய நிலையங்களுக்கு வாயுதான் மலிவு. எல்லா இடத்திலும் நாளையே மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று டன்னர்களை வைத்திருக்கும் சிறிய நிலையங்கள் முதலில் மாறலாம், மாற வேண்டும்.

ஏனென்றால் சட்டத்தின் பார்வை பெரிய ஆலைகள் மீதே இருக்கிறது. 1989-ம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளின்படி, 10 டன் அல்லது அதற்கு மேல் குளோரின் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் உள்வளாக அவசரத் திட்டம் கட்டாயம். அது 11 டன்னருக்கு மேல். மூன்று டன்னர் வைத்திருக்கும் நீரேற்று நிலையம் அந்த வரம்புக்குள் வராது. சிலிண்டர் விதிகள் அதற்கும் பொருந்தும், ஆனால் ஒத்திகை, சுற்றுவட்டார மக்களுக்கு அறிவிப்பு எல்லாம் உள்ளாட்சியின் அக்கறையைப் பொறுத்தவை.

அந்த அக்கறையைக் கேட்டு வாங்க இடம் இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபை இருக்கிறது. நம் குடிநீருக்கு வாயு பயன்படுகிறதா, எத்தனை டன்னர், இரவில் பணியில் எத்தனை பேர், மூச்சுக்கருவி எத்தனை, அது எங்கே மாட்டியிருக்கிறது, கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு இந்த விவரம் தெரியுமா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆபரேட்டரையும் அழைத்து, அவர் பேசுவதற்கு முதலில் நேரம் கொடுங்கள்.